காட்டுப் பாதைக்கு எந்த ஜிபிஎஸ்?

பெங்களூர் பொம்மனஹள்ளியில் குடியிருப்பவனிடம் ஜிபிஎஸ் பற்றிக் கேட்டால் முதலில் புகார்தான் வரும். எங்கள் ஓசூர் ரோடு இப்போது அடுக்கடுக்காகப் போகிறது. கீழே லாரி, ஆட்டோ, கார்மென்ட்ஸ் பஸ். மேலே 2010இல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி பறக்கும் சாலை. போதாததற்கு 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் தடத்து மெட்ரோ. நாம் கீழ் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருப்போம். போனில் இருக்கும் அம்மா நாம் மேலே பறப்பதாக நினைத்துக்கொண்டு, நிதானமாக "நேராகச் செல்லவும்" என்பார். திரும்ப வேண்டிய இடம் அதற்குள் போயிருக்கும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதனால் ஜிபிஎஸ் கணக்கில் உயரம் எப்போதும் கொஞ்சம் நொண்டும். மேம்பாலம் ஏறவா வேண்டாமா என்று சொல்லும் வசதியை 2024இல் கூகுள் கொண்டுவந்த பிறகும் எங்கள் தெருவில் புகார் ஓயவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டுதான் மாடி வீட்டுப் பையன் ஒரு பழைய தார் ஜீப் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேட்டான்: "அண்ணா, ஜே.சி. ரோட்டுல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடுங்கறாங்க. யூடியூப்ல பாத்தா கார்மின்தான்ங்கறாங்க. எதை வாங்கட்டும்?"

எங்கே போகப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். அஞ்செட்டிப் பக்கம் என்றான். எங்கள் பகுதி ஜீப் ஆசாமிகளுக்கு அதுதான் பக்கத்துக் காடு. அத்திப்பள்ளி, ஓசூர், தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி. அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் தார் ரோட்டிலிருந்து இரண்டு பக்கமும் மண் பாதைகள் பிரியும். சில சிற்றூர்களுக்குப் போகும். சில ஓடைக்குள் இறங்கி அப்படியே காணாமல் போகும். போனில் டவர் விட்டு விட்டு வரும், பிறகு வராது.

டவர் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். போகாது. செயற்கைக்கோள் சிக்னலுக்கும் ஜியோ, ஏர்டெல்லுக்கும் சம்பந்தமில்லை. போவது வரைபடம், அது நெட்டிலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் போகும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் தகவலை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழுப் பட்டியலை வானத்திலிருந்தே கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். போன் இதையெல்லாம் நெட்டில் சட்டென்று வாங்கிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. காட்டுக்குள் போனை அணைத்துப் போட்டால் நீலப் புள்ளி வரத் தாமதமாவது இதனால்தான். ஆகவே டவர் இருக்கும் இடத்திலேயே புள்ளி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு அணைக்கக் கூடாது.

எனவே பெட்டியைவிட அதற்குள் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காட்டைக் கூகுளில் பார்த்தால் பெரும்பாலும் வெறும் பச்சை. அதே இடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாருங்கள். பல இடங்களில் மண் பாதைகள் கோடுகோடாக ஓடும், ஓடைகள் மெல்லிய நீலத்தில் குறுக்கே போகும். 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். மண் பாதைக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடும் ஏற்பாடும் அதில் உண்டு. ஐந்து என்றால் வெறும் புல்லும் மண்ணும்தான். யாரும் போய் வரையாத இடத்தில் அதிலும் ஒன்றும் இருக்காது. ஓஎஸ்எம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் இதை மாநிலம் மாநிலமாக வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வெளிநாட்டில் ஆஃப்-ரோடுக்கென்றே விற்கும் பெரிய திரைக் கருவிகளில் இலவசமாக ஏற்றித் தரும் விரிவான காட்டு வரைபடமெல்லாம் அந்த ஊர்க் காட்டுக்கு. அதற்குக் கொட்டும் பணத்தில் பாதி, நாம் மிதிக்கவே போகாத மண்ணுக்கு.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட் கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். 1:50,000 அளவில் ஓடை, மேடு, கோயில் எல்லாம் இருக்கும். ஒரு எச்சரிக்கை. நில அளவையாளர் லாம்டன் 1800இல் நம் பெங்களூரில் ஒரு அடிக்கோடு அளந்து பார்த்துவிட்டு, 1802இல் சென்னைப் பரங்கிமலையில் பெரிய அளவையை முறையாகத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். பழைய ஷீட்டுகள் அந்தக் கணக்கில் அச்சானவை. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84. ஷீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே கருவியில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். சமவெளியில் பரவாயில்லை. பள்ளத்தாக்கில் அது ஓடைக்கு அந்தக் கரை. கருவியின் செட்டிங்கில் 'டேட்டம்' என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்காகத்தான்.

சரி, போனே போதாதா? ஓரளவுக்குத்தான். டேஷ்போர்டில் ஏப்ரல் வெயில் நேராக விழும்போது பாருங்கள்: முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் சூடு ஆறட்டும் என்று ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரிதான். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை வேறு ஏதோ கேட்டதாக நினைத்துக்கொள்ளும். கல் பாதையில் சார்ஜர் ஒயர் தளர்ந்திருப்பது பேட்டரி செத்த பிறகுதான் தெரியும். பைக்கில் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: இன்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே அறிவித்தது.

இங்கேதான் கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கைக்கருவி ஜெயிக்கிறது. பார்க்க லட்சணம் கிடையாது. உள்ளங்கை அளவு, சின்னத் திரை, பொத்தான்கள். பல மாடல்களில் இரண்டு டபுள்-ஏ பேட்டரி போட்டால் ஒரு பகல் முழுக்க ஓடும். தீர்ந்தால் அஞ்செட்டிப் பெட்டிக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நான் இதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. வந்த வழியைப் புள்ளி புள்ளியாக அது பதிந்துகொண்டே வரும். மதியத்துக்கு மேல் மழை பிடித்து எல்லாப் பாதையும் ஒன்றுபோலச் சேறாகத் தெரியும்போது அந்தக் கோட்டைப் பிடித்துத் திரும்பி வரலாம். முன்னால் இருப்பதை எந்த வரைபடமும் தப்பாகச் சொல்லலாம். நம் வண்டியே வந்த வழியில் பொய் இருக்காது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்து பரேலியில் வெள்ளம் அடித்துக்கொண்டுபோன பாலத்தின் மேல் திரை காட்டிய வழியே போய் மூன்று பேர் ராம்கங்கா ஆற்றில் விழுந்து செத்தார்கள். அது காட்டுக்குள்கூட நடக்கவில்லை. காட்டில் ஓடையை வரைந்தவர் அதைக் கோடையில் பார்த்தாரா மழைக்காலத்தில் பார்த்தாரா என்பது யாருக்குத் தெரியும்? ஆடு மேய்க்கும் பெரியவர் "சார், அந்தாண்ட போகாதீங்க, வண்டி மாட்டிக்கும்" என்றால் அதை மீறி எந்தத் திரையையும் நம்பக் கூடாது.

நம் பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். அந்தப் பந்தயத்தில் ஜிபிஎஸ் உண்டு, ஆனால் வரைபடம் காட்டாது. வண்டி ஓட்டுகிறவர் ரோடுபுக்கில் இருக்கும் தூரத்தையும் திசையையும் பார்த்துத்தான் போக வேண்டும். மறைத்து வைத்த புள்ளியை நெருங்கினால்தான் அம்புக்குறி தலைகாட்டும். பாலைவனத்தில் அவ்வளவு வேகமாகப் போகிறவர்களே வரைபடம் இல்லாமல் சமாளிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு ஏழு இன்ச் திரை எதற்கு?

அட்டையில் 'நாவிக்' என்று பார்த்துவிட்டுக் கூடுதல் பணம் தரவும் வேண்டாம். இஸ்ரோ நம்ம ஊர் என்பதில் எனக்கும் பெருமைதான். 2013இல் முதல் செயற்கைக்கோளை அனுப்பி, ஏழு செயற்கைக்கோள்களில் நாடு முழுவதையும் அடக்கும் ஏற்பாடு அது. ஆனால் சிலவற்றில் அணுக்கடிகாரம் கெட்டது, 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 போய்ச்சேர வேண்டிய பாதைக்குப் போகவில்லை. நல்ல போன்கள் ஏற்கெனவே ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. அதற்கு மேல் நாவிக்கும் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கருவி சொல்லாத இரண்டு விஷயங்கள் சட்டத்தைச் சேர்ந்தவை. வரைபடத்தில் பாதை இருப்பதாலேயே அதில் போகும் உரிமை வந்துவிடாது. அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே பிரிவுப் பாதையில் இறங்கினால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம், அதற்கு மேல் யானை. அடுத்தது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் கார்மின் இன்ரீச் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இங்கே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதற்காகவே மாட்டினார். புது ஐபோன்களில் வரும் செயற்கைக்கோள் அவசர அழைப்பும் இந்தியாவில் கிடையாது.

பையனுக்குச் சொன்னது இதுதான். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் வரைபடத்தை இறக்கு. வெயில் படாமல் ஏசி காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் மாட்டு. கூடவே ஒரு சின்ன ஈட்ரெக்ஸ், பழையதானாலும் போதும். மிச்சப் பணத்தை டயருக்கும், ரெகவரி ஸ்ட்ராப்புக்கும், காற்றடிக்கும் கம்ப்ரசருக்கும் போடு. தனி வண்டியாகப் போகாதே. எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.