சேற்றுநிலத்து டாங்கோ

ஆர்ஜென்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில் ஆட்டத்திற்குரிய இசையாக வளர்ந்த டாங்கோ, 1917இல் பாடகர் கார்லோஸ் கார்தெல் அதைப் பாடத் தொடங்கிய பின்னர்க் கதை சொல்லும் பாட்டாகவும் உருக்கொண்டது. அப்பாட்டிற்குள் ஒரு பகுதியின் தெருக்களையும் மண்ணையும் வெள்ளத்தையும் பெயர் சொல்லிக் கொண்டுவந்த கவிஞர்களுள் ஒமெரோ மான்சிக்கு (1907–1951) இணையானவர் அரிது. வடக்கே சாந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தலைநகருக்கு வந்து, அதன் தென்விளிம்பிலுள்ள பொம்பேயாவில் ஓர் உறைவிடப் பள்ளியில் பயின்றார்.

அக்காலத்துப் பொம்பேயா முழு நகரமும் அன்று, முழு நாட்டுப்புறமும் அன்று. புற்சமவெளி தெருமுனை வரை வந்து நின்ற இத்தகைய விளிம்புப் பகுதியை அந்நகரத்தார் 'அர்ரபால்' என்பர். நகரின் தெற்கெல்லையாக ஓடும் ரியாச்சுவேலோ ஆறு பெருகும்போதெல்லாம் தாழ்நிலம் நீரில் மூழ்கியது. ரயில்பாதைக் கரைமேட்டின் ஓரமாகக் குட்டைகளும் வடிகால் பள்ளங்களும் கிடந்தன. சற்று வடக்கே போயெதோ பகுதியில், 1920களில் உழைப்பாளரின் வாழ்வை எழுதிய இடதுசாரி எழுத்தாளர்கள் கூடினர். பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகி, மண்பாதைகள் கல்பாவிய சாலைகளாகி, குதிரைவண்டிகள் மறைந்தபோது, மான்சியின் இளமைக்கால நிலம் அவர் கண்முன்னே வேறொன்றாயிற்று.

தபாரே, சென்டெனெரா என்னும் தெருக்கள் கூடும் முனையை நோக்கி வண்டியோட்டும் ஒருவனையும் அவனுடைய குதிரைகளையும் பாடிய 'மனோபிளாங்கா', 1942இல் அனிபால் த்ரோய்லோவின் இசையில் அமைந்த 'பார்ரியோ தெ டாங்கோ', 1948இல் அதே இசையமைப்பாளரோடு படைத்த 'சுர்' ஆகியவை அந்நிலத்திலிருந்து எழுந்தவை. 'சுர்' என்பதற்குத் தெற்கு என்று பொருள். எட்முண்டோ ரிவேரோவின் கனத்த குரலில் அது புகழ்பெற்றது. அதன் முதற்பகுதியில் வினைச்சொற்கள் ஏறத்தாழ இல்லை. சான் உவான் சாலையும் போயெதோ சாலையும் சந்திக்கும் இடம், பொம்பேயா, அதற்கப்பால் வெள்ளம், கொல்லன் பட்டறை இருந்த முனை, காதலியின் வீடு எனப் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே அடுக்கப்பட்டு, தெற்கு நோக்கி ஒருவன் நடந்துசெல்லும் வரிசையில் நிற்கின்றன. பின்னர் வினைகள் வரும்போது அவற்றுள் முதன்மையானவை எதிர்மறையாகவே வருகின்றன. முன்பு கண்டதுபோல் இனி என்னைக் காணமாட்டாய் என்பதே அவற்றின் சாரம். பகுதி மாறிவிட்டது என்பதோடு, அங்கே காத்து நின்ற இளைஞனும் இப்போது இல்லை என்பதை இப்பாட்டு இலக்கண அமைப்பாலேயே உணர்த்திவிடுகிறது. மான்சியின் மிகச் சிறந்த ஆக்கம் இதுவே எனத் தயங்காமல் சொல்லலாம்.

பழைய வறுமையை இவர் அழகென்று கொண்டாடினார் என்பது சரியான வாசிப்பாகாது. சேறும் வெள்ளமும் பாட்டில் சேறாகவும் வெள்ளமாகவுமே இருக்கின்றன. அவற்றிடையே வாழ்ந்த மனிதர்கள் சிதறிப்போனதே துயரத்திற்குக் காரணம். பிற டாங்கோக் கவிஞர் பலர் விரும்பிக் கையாண்ட லுன்ஃபார்தோ என்னும் நகரக் கொச்சைமொழியையும் இவர் பெரும்பாலும் தவிர்த்தார். எளிய பொதுமொழியிலேயே உவமை நுட்பத்தைக் கொண்டுவந்தார். வாழ்நாளில் கவிதை நூல் எதையும் வெளியிடாத இவர், நூல் வாங்க இயலாதவர்க்கும் வானொலியும் இசைத்தட்டும் கவிதையைக் கொண்டுசேர்க்கும் பாதையைத் தேர்ந்துகொண்டார். 1935இல் ஃபோர்ஹா என்னும் தேசிய அரசியல் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராக இவர் இருந்ததையும் இத்தேர்வையும் பிரித்துப் பார்க்க இயலாது.

மான்சி 43 வயதில் புற்றுநோயால் இறந்தபோது, த்ரோய்லோ அவருக்காக 'ரெஸ்போன்சோ' என்னும் இரங்கல் டாங்கோவை இயற்றினார். 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சிக்குப் பின்னர், சிறையிலிருந்து விடுதலையாகித் தன் பகுதிக்குத் திரும்பும் ஒருவனைப் பற்றி ஃபெர்னாண்டோ சொலானாஸ் 1988இல் ஒரு திரைப்படம் எடுத்தார். அதற்கு 'சுர்' என்றே பெயரிட்டு, ரொபெர்தோ கொயெனெச்சேயின் முதிர்ந்த குரலில் டாங்கோவை ஒலிக்கச் செய்தார். ஆலைகளும் சாலைகளும் மாற்றிய ஒரு பகுதிக்காக எழுதப்பட்ட பாட்டின் பெயர், அடக்குமுறை மாற்றிய பகுதிக்கும் அங்கே பொருந்திற்று.