பந்து போடுவது நாம், பீல்டிங் நிறுத்துவது யார்?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் டோர்னமெண்ட் தொடங்கிவிடும். அறுப்பு முடிந்த கழனியிலும் ஏரிப் புறம்போக்கிலும் பிட்ச் போடுவார்கள். படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம், போளூர் என்று டீக்கடைச் சுவர்களில் நோட்டீஸ் ஏறும். நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, சிறந்த பந்துவீச்சாளருக்குத் தனிப் பரிசு. ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் வரும்வரை எங்கள் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட்தான்.

மாலைநேரப் படிப்பகம் நடத்தும் நாங்கள் சில பேரும், அதில் படித்து வளர்ந்த பையன்களும் சேர்ந்ததுதான் எங்கள் காலனி அணி. புதுப் பருவத்துக்கு முன்னால் எங்கள் பந்துவீச்சு எப்படி இருக்கிறது என்று போன வாரம் உட்கார்ந்து பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கிரிக்கெட்டில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கும் தோழர்களும் கடைசிவரை படிக்க வேண்டும்.

எங்களிடம் ஆறு பேர் பந்து போடுகிறார்கள்.

முதல் ஓவரைப் போடுகிறவன் வாழைத்தோப்பில் தார் சுமக்கும் தம்பி. இடது கை வேகம். ஈரத் தோப்பில் சுமை தூக்கிப் பழகிய தோளும் இடுப்பும் அவனுடையவை. கடைசி இரண்டு ஓவரில் ஆறு பந்தையும் காலடியில் இறக்குவான். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கரோடு ஆஸ்திரேலியா போய், 2020-21 பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார். அதிலிருந்து எங்கள் பக்கத்து இடது கைப் பையன்கள் எல்லோருக்கும் யார்க்கர் ஒரு நம்பிக்கையாகிவிட்டது.

அடுத்தவன் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடித் தம்பி. உயரமானவன். புதுப் பந்தை இரண்டு பக்கமும் திருப்புவான். விடுமுறை என்றால் மேலே போய்விடுவான், பயிற்சி தவறும். அவனை யாரும் 'மலைக்காரன்' என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் அணியின் விதி. நம்மை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதை மறக்காதவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அண்ணன். ஆப் ஸ்பின். சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வந்து ஞாயிறு ஆடிவிட்டுத் திரும்புவார். காங்கிரீட் போடும் வாரம் என்றால் வர மாட்டார். நான்காவது, ஒயரிங் வேலை செய்யும் மூத்தவர். வேகம் போய்விட்டது, மூளை போகவில்லை. அதே கை வீச்சில் மெதுவான பந்தை விட்டு, அடிக்கத் துடிக்கும் ஆளைத் தூக்கி அடிக்க வைப்பார்.

ஐந்தாவது, பாலிடெக்னிக்கில் படிக்கும் இடது கை சுழற்பந்துத் தம்பி. ஸ்கோர் நோட்டும் இவனிடம்தான். எந்த ஊர் பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் தூக்குவான் என்று மூன்று வருடக் கணக்கு அதில் இருக்கிறது. ஆறாவது, பதினாறு வயதுப் பையன். அணியிலேயே அதிக வேகம் இவனுடையதுதான். இவன் விக்கெட் எடுக்காதவரை கை சரியாகத்தான் வருகிறது என்பார்கள். இரண்டு ஸ்டம்ப் பறந்ததும் 'மாங்கா அடிக்கிறான், நோ பால்' என்று குரல் வரும். அம்பயரும் அவர்கள் ஊர்க்காரராக இருப்பார். அதனால் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் அவன் கையை செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

மொத்தத்தில் நல்ல பந்துவீச்சுதான். இரண்டு இடது கை, ஒரு உயரம், ஒரு அனுபவம். இந்த வட்டாரத்தில் பல அணிகளுக்கு இது கிடையாது. ஒரே ஒரு குறை, எங்கள் வேகப் பந்துவீச்சாளர்கள் எல்லோருக்கும் ஓட்டம் குட்டை. எட்டு அடி வைத்துப் பந்தை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு வேகம் இருக்கிறவர்கள் ஏன் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து ஓடி வரக் கூடாது என்று டிவியில் கிரிக்கெட் பார்க்கும் ஒரு நண்பர் கேட்டார். அவரை அழைத்துப்போய் நாங்கள் பயிற்சி செய்யும் இடத்தைக் காட்டினோம். ஏரிக்கரை ஓரம் ஒரு துண்டு புறம்போக்கு. ஸ்டம்புக்குப் பின்னால் எட்டு அடி நடந்தால் வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் பட்டா. அங்கே கால் வைத்தால் சண்டை வரும். பையன்கள் ஓட்டத்தை நிலத்துக்குத் தகுந்தபடி வெட்டிக்கொண்டார்கள்.

ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை போட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடுவது அந்த நிலத்தைத்தான். நிலம் இல்லை என்றால் சோறும் வீடும் இல்லை என்று மட்டும்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். ஒரு வேகப் பந்துவீச்சாளனின் ஓட்டம்கூட அதனால் குறைகிறது என்பதை அந்த வரப்பில் நின்றபோதுதான் நண்பர் ஒத்துக்கொண்டார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பக்கத்து ஊர் ஒன்றின் பெரிய அணி எங்கள் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறது. வாழைத்தோப்புத் தம்பியும் பதினாறு வயதுப் பையனும் பருவம் முழுக்க அவர்களுக்காகப் பந்து போட வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம், பெட்ரோல், மதியம் பிரியாணி. கூலிக்குப் போகும் தம்பிக்கு அந்தப் பணம் பெரிது. போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் கதையை இரண்டு பேருக்கும் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

பல்வங்கர் பாலூ தார்வாடில் ஒரு சமார் குடும்பத்தில் பிறந்தவர். பூனாவில் ஒரு பார்சி கிரிக்கெட் கிளப்பில் பிட்ச் பெருக்குவதும் ரோலர் இழுப்பதும்தான் அவருடைய முதல் வேலை, மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே கிரேக் என்ற பெரிய பேட்ஸ்மேனுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். ஒவ்வொரு முறை அவுட்டாக்கினாலும் கிரேக் எட்டணா கொடுப்பார் என்று சொல்வார்கள். அங்கே பந்து அவர் கைக்கு வந்ததே தவிர மட்டை வரவில்லை.

பூனாவின் இந்து அணி வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆடுகளத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். டீ நேரத்தில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தபோது, பாலூவுக்கு வெளியே மண் குவளை. பிறகு பம்பாய் போய் அங்குள்ள இந்து அணிக்கு ஆடினார். 1906இல் அந்த அணி ஐரோப்பியர் அணியைத் தோற்கடித்ததில் அவர் பந்துவீச்சுக்குப் பெரிய பங்கு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அந்தப் பயணத்தில் பாலூ எடுத்தது 114 விக்கெட்.

அப்படிப்பட்டவரை இந்து அணிக்குத் தலைவராக்கவே இல்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கியபோது, தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியே வந்தார்கள். நெருக்கடி முற்றியதும் பாலூவைத் துணைத் தலைவராக்கினார்கள். தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது, அதற்கு ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றவரும் இதே பாலூதான். அந்த அரசியலில் நாம் அம்பேத்கர் பக்கம். அதற்காக அந்த 114 விக்கெட்டையும் அந்த மண் குவளையையும் நாம் மறந்துவிட முடியாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கியதற்கு ஒரு கிரிக்கெட் அணி போதுமான சான்று. வியர்வை சிந்தி இருபது ஓவர் போட ஒருவர், எங்கே யார் நிற்க வேண்டும் என்று கை காட்ட இன்னொருவர்.

இப்படி நடந்தது நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். ஆட்டத்தின் போக்கே அவர் கையில். சாட்சல் பெய்ஜ் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். கறுப்பர் என்பதால் வெள்ளையரின் பெரிய லீக் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பர்களின் தனி லீக்குகளில் எறிந்து எறிந்து, 1948இல் கிளீவ்லண்ட் அணி அவரைச் சேர்த்தபோது வயது 42. தென்னாப்பிரிக்காவின் மகாயா நிடினி 101 டெஸ்டில் 390 விக்கெட் எடுத்தவர், அந்நாட்டு அணிக்கு ஆடிய முதல் ஆப்பிரிக்கக் கறுப்பர். அணியில் யாரும் தன்னோடு சேர்ந்து உட்கார மாட்டார்கள் என்பதால், அணி பஸ்சைத் தவிர்த்து மைதானத்துக்கும் ஓட்டலுக்கும் ஓடியே போய்வந்ததாக 2020இல் அவர் சொன்னார். அவர் உடற்பயிற்சிக்காக ஓடுகிறார் என்றுதான் உலகம் நினைத்திருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்ட தம்பிகள் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஊருக்கு இப்படி விருந்தாளியாக ஆடப்போன எங்கள் பையனுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கே தெரியும். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்க வைத்தான். தோளில் தூக்கி ஆடினார்கள். இரவு சாப்பாட்டுக்கு மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் உட்கார, இவனுக்கு மட்டும் பார்சல் கட்டி வண்டியில் மாட்டிவிட்டார்கள். 'நேரமாச்சு, நீ கெளம்பு தம்பி' என்று அன்பாகத்தான் சொன்னார்களாம்.

அதனால் தோப்புத் தம்பிக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பேட்டிங்கில் என்னை எத்தனையாவதாக இறக்குவீர்கள்? என் ஓவரில் பீல்டிங்கை நான் நிறுத்தலாமா? ஆட்டம் முடிந்தால் எல்லோரும் எங்கே சாப்பிடுவோம்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் போகட்டும், நாங்களே வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். சினிமா பார்த்த தலைமுறை இது. 2024இல் வந்த 'லப்பர் பந்து', உள்ளூர் கிரிக்கெட் அணியில் சாதி எப்படி இடம் பிடித்திருக்கிறது என்று காட்டியது. தியேட்டரில் விசில் அடித்தவர்கள் மைதானத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

பதினாறு வயதுப் பையன் விஷயத்தில் எங்கள் பதில் வேறு. அவன் போகப்போவதில்லை. காரணம் சாதி மட்டும் இல்லை, அவன் முதுகும்தான். வளரும் வயதில் வேகமாகப் பந்து போடுகிறவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழுவது கிரிக்கெட் மருத்துவம் நன்கு அறிந்த ஆபத்து. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சிறுவர்களுக்கு வயது வாரியாக ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007 முதல் பந்தை எண்ணுகிறது. 11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. இங்கே ஞாயிறு ஒரே நாளில் நான்கு ஆட்டம் நடக்கும். காசு கொடுத்துக் கூட்டிப்போனவர்கள் நான்கிலும் அவனைப் போட வைப்பார்கள். எங்கள் அணியிலும் இனி அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம்தான். காலையில் பள்ளிக்கூடப் பை தூக்க அந்த முதுகு வேண்டும்.

கடைசியாகக் கேப்டன். இதுவரை மட்டை பிடிப்பவர்தான் எங்களுக்கும் கேப்டன், எல்லா ஊரிலும் அப்படித்தான். இந்தப் பருவத்துக்கு ஸ்கோர் நோட்டு வைத்திருக்கும் சுழற்பந்துத் தம்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று தெரிந்தவன், பந்து போடுகிறவனின் களைப்பும் தெரிந்தவன். மலைத் தம்பி துணைக் கேப்டன். ஒயரிங் அண்ணன் கூடவே நின்று சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் கணிப்பில் அரையிறுதிக்கு நிச்சயம் போவோம். பெங்களூர் அண்ணனுக்கு லீவு கிடைத்தால் கோப்பைக்கும் வாய்ப்பு இருக்கிறது.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரி அணியையும் தெரு அணியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். யார் அதிகம் பந்து போடுகிறார்கள், யார் முதலில் மட்டை பிடிக்கிறார்கள், யார் கேப்டன், ஆட்டம் முடிந்ததும் யார் கிட் பையைத் தூக்குகிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்க நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வுக் கூட்டத்தில் பேசுங்கள். எங்கள் முதல் ஆட்டம் தை கடைசி ஞாயிறு. படவேடு பக்கம் வந்தால் ஏரிக்கரைக்கு வாருங்கள், டீ எல்லோருக்கும் ஒரே குவளையில்தான்.

ஜெய்பீம்.