இல்லை என்பதன் பொருள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் 1910க்கு முன்பு அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1985இல் ராமநாதபுரம் பிரிந்ததும் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தது. அதன் இன்றைய பெயர் விருதுநகர். பழைய கல்வெட்டு அறிக்கைகளில் 'விருதுநகர் மாவட்டம்' என்று தேடுகிறவருக்கு ஆண்டாள் அகப்படமாட்டாள். போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர் என்று ஊருக்கும் பல எழுத்துகள்.

இந்தக் குழப்பத்துக்கு மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் இணைப்புத் தரவு. கோயிலுக்கு ஓர் எண். பெயர்களெல்லாம் அந்த எண்ணின் மேல் ஒட்டிய சீட்டுகள். எத்தனை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கோயிலைப் பற்றிய செய்திகள் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சேமிக்கப்படும்: இந்தக் கோயில், அமைந்த மாவட்டம், ராமநாதபுரம். கூடவே 1910 முதல் 1985 வரை என்ற காலமும், யார் சொன்னது என்ற சான்றும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முரண்பட்ட சொற்களையும் அது தாங்கிக்கொள்ளும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் பதினோரு நிலைக் கோபுரம் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டையும் அவரவர் சான்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். பஞ்சாயத்து வாசிப்பவர் பாடு.

இதிலிருந்து பதில் வாங்க ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி இருக்கிறது. 2008இல் வலைத் தரநிலையானது. விக்கித்தரவின் வினவல் சேவை 2015இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் கணக்குத் தொடங்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். படிக்க மட்டுமே முடியும் என்பதால் எதையும் கெடுத்துவிட முடியாது. தப்பாகக் கேட்டால் பிழை என்று சொல்லும். அறுபது விநாடிக்கு மேல் இழுத்தால் பாதியில் நிறுத்திவிடும். அவ்வளவுதான் தண்டனை. முதல்முறை கேள்வி எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கருவி தர முடியாது என்று நினைக்கிறேன்.

ராஜபாளையத்துக்குப் போயிருந்த ஒரு விடுமுறையில், எங்கள் பகுதிக் கோயில்களை வரைபடத்தில் காட்டும் ஒரு வினவலை அப்பாவிடம் ஓட்டிக் காண்பித்தேன். மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம தெரு காளியம்மன எங்கப்பா?"

"அது இல்லப்பா."

"கோயிலே இல்லங்குதா, இல்ல அதுக்குத் தெரியலங்குதா?"

பொறியியல் படிப்பில் யாரும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. பேருந்து முன்பதிவுப் பட்டியலில் பன்னிரண்டாம் இருக்கைக்குப் பெயர் இல்லையென்றால் அது காலி. அந்தப் பட்டியலுக்கு வெளியே உலகம் இல்லை. இணைப்புத் தரவின் விதி வேறு: எழுதப்படாதது பொய் அல்ல, தெரியாதது. திறந்த உலக அனுமானம் என்பார்கள். ஆனால் திரையில் இரண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும். பூஜ்யம் முடிவுகள்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். அந்தப் பூஜ்யத்தை யாரோ எடுத்துப்போகிறார்கள். அது ஓர் அட்டவணையாகிறது, வரைபடத்தில் வெற்றிடமாகிறது, 'இந்தப் பகுதியில் மரபுச் சின்னங்கள் குறைவு' என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாகிறது. சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வருகிறவர் கையில் அந்த வரைபடம் இருந்தால், தெருமுனைப் பீடம் வெறும் கல்தான். பெரிய கோபுரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் மில் ஊரின் தெருக்கோயிலை எழுத ஆள் இல்லை. எண்ணிக்கை காட்டுவது மரபின் அளவை அல்ல, எழுதிய கைகளின் அளவை.

எழுதும் பக்கமும் எல்லோருக்கும் திறந்தேதான் இருக்கிறது. அங்கே உள்ள தடை வேறு: சான்று கேட்கும். கேட்பது நியாயம், இல்லாவிட்டால் குப்பை சேரும். ஆனால் எங்கள் தெருக் காளியின் சரித்திரம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. அச்சில் இருப்பதெல்லாம் பங்குனிப் பொங்கல் நோட்டீஸ்தான்: தேதி, மண்டகப்படிக்காரர்கள், நன்கொடையாளர் பெயர்கள். அதுவும் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும்.

ஆகவே ஊர் நூலகங்களும் கல்லூரிகளும் முதலில் செய்ய வேண்டிய வேலை கணினியில் இல்லை. நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்கலாம். கிழவிகள் சொல்வதைப் பதிவு செய்து, தேதி போட்டு, பிறர் சான்றாகக் காட்டும்படி வெளியிடலாம். அதற்குப் பிறகு எண் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதுவரைக்கும், வினவல் எழுதுகிற என்னைப் போன்றவர்கள் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். 'இல்லை' என்று எழுதும் இடத்தில் 'பதிவில் இல்லை'.