பழைய முகம்

புதிய பொருளைப் பழையதாக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. காலம் என்ற வேலைக்காரன் கூலி கேட்காமலே அதைச் செய்து விடுகிறான். பழைய பொருளைப் புதியதாக்குவதும் பெரிய வித்தையல்ல. கையில் பணமும் பக்கத்தில் ஒரு பெயின்ட் கடையும் இருந்தால் போதும். ஆனால் ஒரு பொருளை, அது பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்பவும் ஆக்கிக் காட்டுவது இருக்கிறதே, அது பகீரதப் பிரயத்தனம்.

என் பால்ய சிநேகிதன் ஒருவன் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்துக்கு அருகே டாக்டராக இருக்கிறான். மனிதர்களின் நாடியைப் பார்த்த நேரம் போக மீதியெல்லாம் அவனுக்கு ஒரு காரோடுதான். 1962-இல் செய்த ஜாகுவார் ஈ-டைப். இருபது வருஷம் ஒரு கொட்டகையில் கித்தானுக்குக் கீழே கிடந்ததை விலைக்கு வாங்கியிருந்தான். நான் அவன் வீட்டில் பத்து நாள் தங்கியபோது எஞ்சின் பகுதியைச் செப்பனிடும் படலம் நடந்து கொண்டிருந்தது.

"ஓடினால் போதாதா? மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லாமல் முன்பக்கத்து மூடியைத் தூக்கினான். மூடியா அது! காரின் முன்பாதி முழுவதும், இரு பக்கத்து மட்காப்புகளோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறந்து கொண்டது. திரை விலகி நாடக மேடை தெரிவது போல் எஞ்சின் முழுவதும் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

பார்ப்பதற்கென்றே செய்த எஞ்சின்தான் அது. அதற்கு ஒரு கதை உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கவன்ட்ரியில் குண்டுமாரி பொழிந்தது. தொழிற்சாலைகளில் தீக் காவலுக்காக ஆட்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். வில்லியம் லயன்ஸும் அவருடைய எஞ்சினீயர்களான ஹெய்ன்ஸ், ஹாஸன், பெய்லி ஆகியோரும் அப்படிக் காவலிருந்த இரவுகளில்தான், யுத்தம் முடிந்தபின் செய்ய வேண்டிய எஞ்சினைப் பற்றிப் பேசித் தீர்மானித்தார்களாம். சக்தி இருந்தால் மட்டும் போதாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்பது லயன்ஸின் கட்டளை. 1948-இல் லண்டன் கண்காட்சியில் எக்ஸ்-கே 120 காரோடு வெளிவந்த அந்த எஞ்சின், 1992 வரை ஏதாவது ஒரு வண்டியில் உற்பத்தியாகிக் கொண்டே இருந்தது. தலைக்கு மேல் தீ விழக்கூடிய நேரத்தில் அழகைப் பற்றி யோசித்த மனிதர்களை என்னவென்று சொல்வது!

சிநேகிதனுடைய எஞ்சின் 3781 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. ஆறு சிலிண்டர், அவற்றுக்கு மேலே அலுமினியத் தலை. அந்தத் தலைக்குப் பொன் வர்ணம். அதன் மேல் இரண்டு நீண்ட மூடிகள், முகம் பார்க்கலாம் போல மெருகிட்டவை. புகை வெளியேறும் குழாய்களுக்குக் கறுப்புக் கண்ணாடிப் பூச்சு. பக்கவாட்டில் மூன்று கார்புரேட்டர்கள். எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்துக்கு, காரின் உடம்புக்கு என்ன வர்ணமோ அதே வர்ணம்.

இவையெல்லாம் எளிது. கஷ்டம் சில்லறை விஷயங்களில் இருக்கிறது. அந்தக் காலத்துத் திருகாணிகளுக்கு காட்மியம் முலாம் பூசியிருப்பார்கள். மங்கலான வெள்ளி போல ஓர் ஒளி. காட்மியம் விஷமாகையால் இன்று அந்த வேலையை ஏற்கும் பட்டறைகள் குறைவு. துத்தநாக முலாம் பூசலாம். ஆனால் அது சற்று நீலம் பாய்ந்து, 'நான் புதிது' என்று காட்டிக் கொடுத்து விடும். போல்ட்டின் தலையில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரும் சரியாக இருக்க வேண்டும். ஒயர்கள் நூல் பின்னிய உறைக்குள் ஓட வேண்டும். பாட்டரியிலிருந்து வருவது பழுப்பு, பூமிக்குப் போவது கறுப்பு என்று நிறம் மாறக் கூடாது. இந்த மாடலுக்கு டைனமோதான் உண்டு. பின்னால் வந்தவர்கள் மாட்டிய ஆல்டர்னேட்டர் எவ்வளவு நன்றாக மின்சாரம் கொடுத்தாலும் அதற்கு இங்கே இடமில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதிகமாக மினுக்கினாலும் குற்றம்! தொழிற்சாலையில் வேலை செய்தவன் நகை ஆசாரி அல்ல. அவன் செய்யாத நேர்த்தியை நாம் செய்தால் அதுவும் பொய்தான் என்கிறான் சிநேகிதன்.

சங்கடம் ஒரு பித்தளைத் துண்டினால் வந்தது. விரலளவு நீளம் இருக்கும். பெட்ரோல் குழாய் சட்டத்தில் உராயாமல் தாங்கிப் பிடிப்பதற்காக, காரை முன்பு வைத்திருந்தவர் தாமே செய்து மாட்டியது. அவர் கடைசல் தொழிலாளி, இறந்து விட்டார். அவருடைய மனைவி ஒரு நாள் மாலை காரைப் பார்க்க வந்தாள். எண்பது வயதிருக்கும். பொன் வர்ணத்தையும் மெருகையும் மரியாதைக்காகப் பாராட்டினாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு குனிந்து எதையோ தேடினாள். பித்தளையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"டாக்டர், இதை அவர் என் சமையலறை மேஜையில் வைத்துத்தான் ராவினார். ரொட்டியிலெல்லாம் பித்தளைத் தூள். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன்" என்றாள்.

அவள் போனபின் சிநேகிதன் வெகு நேரம் பேசவில்லை. அந்தக் கோடையில் அவன் காரைப் போட்டிக்குக் கொண்டு போவதாக இருந்தான். தொழிற்சாலையில் இல்லாத பொருள் எதுவானாலும் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

"கழற்றாதே" என்றேன்.

"நீ நாவல் எழுதுகிறவன். உனக்குக் கதை வேண்டும். எனக்கு உண்மை வேண்டும்" என்றான்.

"எந்த நாளின் உண்மை? இந்தக் கார் தொழிற்சாலையில் இருந்தது சில நாள். அந்த மனிதரிடம் இருந்தது ஆயுள் முழுவதும் அல்லவா?"

இது எங்கள் இருவருக்கும் மட்டும் உள்ள வழக்கு அல்ல. பழைய மோட்டார் வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக் கொண்டது. பழைய கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. வண்டியின் வாழ்க்கையில் ஏறிய தடயங்களும் அதன் சரித்திரமே, இயன்றவரை அவற்றைக் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் நடுவரின் கையில் இருக்கும் காகிதத்தில் சமையலறை மேஜைக்கு மதிப்பெண் கிடையாது.

கடைசியில் சிநேகிதன் ஒரு சமரசம் செய்து கொண்டான். பித்தளையைப் பிடித்திருப்பவை இரண்டே திருகாணிகள். போட்டியன்று அதைக் கழற்றி, தொழிற்சாலைக் கவ்வியை மாட்டுவது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி பித்தளை. நம் கோயில்களில் சுவாமிக்கு உற்சவ அலங்காரம் ஒன்று, நித்திய அலங்காரம் ஒன்று இருப்பதில்லையா, அதைப் போல.

உற்சவத்துக்குக் கூட்டம் வருகிறது, மேளம் முழங்குகிறது; எல்லாம் சரிதான். ஆனால், மற்ற நாட்களில், ஒற்றை வேட்டியும் ஒரு முழம் பூவுமாக நிற்கிற சுவாமியிடம்தான் நாம் நம் கஷ்டத்தைச் சொல்லிக் கொள்கிறோம். என் வோட்டு பித்தளைக்குத்தான்.