எட்டாம் பிரதி

ஒருவர் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்க வேண்டும் என்பதையே பதிப்புக்கலையில் முதற்பாடமாகச் சொல்லித்தருகிறோம். அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடலில் அது நிகழவில்லை. 2012 ஜூலையில் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். அதில் 2003இலேயே கைவிடப்பட்ட பழைய நிரல் கிடந்தது. அதை எழுப்பும் குறியையே புதியதும் பயன்படுத்தியது. ஆகஸ்ட் 1 அன்று, 45 நிமிடங்களில் நேர்ந்த பிழை வணிகத்தால் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு.

விட்டவர் யார் என்றே நமக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. அலுவலகங்களில் பழகிய புத்தி. 2013இல் வெளியான அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் உத்தரவு அவர் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாமவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியே அங்கு இருக்கவில்லை என்கிறது. நம்மை உறுத்துவது இன்னொன்று. அன்று சந்தை திறக்குமுன்பே பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்களை இயந்திரம் அனுப்பியிருக்கிறது. அவற்றை வந்தவுடன் படிக்கும் வழக்கம் அங்கே இல்லை.