புரூஸ் மெக்லாரன்: ஓட்டுநர், அணி உரிமையாளர்

புரூஸ் மெக்லாரன் 1937இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தார். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பைத் தாக்கிய பெர்த்திஸ் நோயால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். இடது கால் வாழ்நாள் முழுதும் சற்றுக் குட்டையாகவே இருந்தது.

1958இல் ஓட்டுநர் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்று, கூப்பர் அணியில் சேர்ந்தார். 1959இல் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தை வென்றபோது வயது 22. அன்றைய நிலையில் மிக இளைய கிராண்ட் பிரீ வெற்றியாளர் அவர்தான்.

1963இல் சொந்த அணியைத் தொடங்கினார். காரை ஓட்டுவது, சோதிப்பது, குறை கண்டு திருத்துவது எல்லாமே அவர் வேலை. 1966இல் கிறிஸ் ஏமனுடன் ஃபோர்டு காரில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். 1968இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் தன் பெயர் தாங்கிய காரிலேயே வென்றார். ஃபார்முலா 1இல் ஓட்டுநர் பிராபமுக்குப் பின் இதைச் செய்த இரண்டாமவர் இவர். வட அமெரிக்காவின் கேன்-ஆம் தொடரில் 1969இன் 11 பந்தயங்களையும் அவர் அணியே வென்றது.

1970 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் புதிய கேன்-ஆம் காரைச் சோதித்தார். பின்பக்க மேல்கூடு கழன்று கார் கட்டுப்பாடு இழந்தது. 32 வயதில் உயிரிழந்தார்.

அணி கலையவில்லை. 1974இல் முதல் உலகப் பட்டம் வென்றது. அணிகளுக்கான பட்டத்தை அதற்கு முன் கடைசியாக வென்று 26 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் மீண்டும் கைப்பற்றியது.