எது என்னுடையது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணத்துப் பாத்திகள் யாரோ ஒருவரின் பெரிய சொத்தாகத் தெரியும். அந்த உப்பளங்களில் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளின் நிலம். உப்பு எடுப்பவர்கள் குத்தகைக்காரர்கள். அப்பா வரப்புப் போட்டார், பிள்ளை உப்பு வாருகிறான் என்று காலம் போகும்போது ‘எங்க உப்பளம்’ என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது. பேச்சில் வரட்டும், உயிலில் வரக்கூடாது.

உயிரோடிருக்கும்போது ஒருவர் எதைத் தன் விருப்பப்படி கொடுக்க முடியுமோ, அதைத்தான் உயிலிலும் கொடுக்க முடியும். ‘வடக்குப் பாத்தி மூத்தவனுக்கு, தெற்குப் பாத்தி இளையவனுக்கு’ என்று எழுதிவைத்தால் அரசு நிலம் பாகம் பிரிந்துவிடாது. குத்தகை வாரிசுக்குத் தொடருமா என்பதைக் குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைகளில்தான் பார்க்க வேண்டும். ஆனால் மழைக்கு முன் குவித்து மூடிவைத்த உப்பு குத்தகைக்காரருடையது. மோட்டாரும், வியாபாரி தரவேண்டிய பாக்கியும் அவருடையவை. பாத்தி நீரில் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் வீட்டில் உலை வைப்பது அந்தக் குவியல்தான். அதை உயிலில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவதே நல்லது என்பேன். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது கையெழுத்தை, அல்லது கைநாட்டை. அதோடு குறைந்தது 2 சாட்சிகளை. உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் கண்ணால் பார்த்து, அவர் முன்னிலையிலேயே தாங்களும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கென்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்ப் பெரியவர் என்று எண்பது வயதுக்காரரை மட்டும் தேடிப் போகாதீர்கள்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989லேயே உரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. ‘சீர் செஞ்சு அனுப்பியாச்சே’ என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது.

நான் அதிகம் கவலைப்படுவது வியாபாரியின் பாக்கியைப் பற்றித்தான். வாய்ப்பேச்சில் விற்ற உப்பும் ஒப்பந்தம்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதை மறுக்கவில்லை. பேசியவர் போன பிறகு அதை நிரூபிப்பதுதான் பாடு. கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு வழக்குப் போட, தவணை எதுவும் பேசாதபோது, சரக்கு கைமாறிய நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். லாரியில் எத்தனை மூட்டை ஏறியது, என்ன விலை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, லாரி கிளம்புவதற்கு முன் வாங்குபவரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். அந்த நோட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.